எல்லைக்கு ஒரு விரற்கடை கீழே

2025 அக்டோபர் 11, ஹவாய்த் தீவிலுள்ள கோனா நகரம். பெண்களுக்கான அயர்ன்மேன் உலகச் சாம்பியன் போட்டி தொடங்கி எட்டு மணி நேரம் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் டெய்லர் நிப் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார். முடிவுக்கோட்டுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் அளவுதான் பாக்கி. நீந்தியாயிற்று, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தாயிற்று, மாரத்தானிலும் பெரும்பகுதி ஓடியாயிற்று. திடீரென்று கால் பின்னுகிறது. நடக்கிறார், தள்ளாடுகிறார், சாலையோரமாக உட்கார்ந்துவிடுகிறார். அதன்பிறகு அவர் எழுந்து ஓடவில்லை. அதற்கு முன்பே, அவரோடு முன்னணியில் மோதிக்கொண்டிருந்த பிரிட்டனின் லூசி சார்ல்ஸ்-பார்க்லி வெயில் தாங்காமல் ஓட்டத்தின் நடுவில் விலகியிருந்தார்.

வென்றவர் நார்வேயின் சோல்வெய் லோவ்செத். கோனாவில் அவருக்கு அதுதான் முதல் போட்டி. நேரம் 8 மணி 28 நிமிடம் 27 விநாடி. அவருக்கு 35 விநாடி பின்னால் பிரிட்டனின் கேட் மேத்யூஸ் வந்து சேர்ந்தார்.

அன்றைய போட்டியை நினைத்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இந்த நான்கு பேரின் பலத்திலும் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. உடம்பின் எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு நேரம், அதைத் தாண்டாமல் இருக்க முடியும் என்பதில்தான் போட்டியே நடந்தது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் விளையாட்டின் தொழில்முறை வீரர்களின் பயிற்சி, சாப்பாடு, தூக்கம், வருமானம் எல்லாமே இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் அமைகின்றன.

முதலில் தூரங்களைச் சொல்லிவிடுகிறேன். முழு அயர்ன்மேன் என்றால் 3.86 கிலோமீட்டர் கடல் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியாக 42.195 கிலோமீட்டர் மாரத்தான். நடுவில் ஓய்வு கிடையாது. உடுப்பும் காலணியும் மாற்றுகிற நேரமும் கணக்கில் சேரும். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் சேர்ந்த வடிவம் சிறியது: 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். முன்னணி ஆண்கள் இதை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள்.

அயர்ன்மேன் முதன்முதலில் நடந்தது 1978 பிப்ரவரி 18 அன்று, ஹவாயின் ஒவாஹு தீவில். ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் தொடங்கிவைத்தது. 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். வென்ற கார்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி. 2024-இல் கோனாவில் ஜெர்மனியின் பாட்ரிக் லாங்கே அதே தூரங்களை 7 மணி 35 நிமிடம் 53 விநாடியில் முடித்தார். பாதை வேறு என்றாலும் இடையில் நான்கு மணி நேரம் காணாமல் போயிருக்கிறது. காற்றைக் கிழிக்கிற சைக்கிளுக்கும் நுரை மெத்தை வைத்த காலணிக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு, உடம்பை எப்படி நடத்துவது என்று கற்றுக்கொண்டதில்தான் இருக்கிறது என்பேன்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பது வேறு. தினமும் மூச்சு வாங்க, நாக்குத் தள்ள, வாந்தி வரும்வரை பயிற்சி செய்வார்கள் என்று நினைப்போம். ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு 25 முதல் 35 மணி நேரம் வரை பயிற்சி என்று கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த மணி நேரங்களில் பெரும்பகுதி, பக்கத்தில் ஓடுகிறவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே போகிற வேகத்தில் கழிகிறது. நார்வேயில் பணியாற்றும் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், நெடுந்தூர விளையாட்டுகளின் முன்னணி வீரர்களைக் கவனித்துச் சொன்ன கணக்கு இது: பயிற்சியில் ஏறக்குறைய எண்பது விழுக்காடு லேசானது, மிச்சம்தான் கடினமானது. ஆர்வத்தில் பயிற்சி செய்கிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். லேசான நாளில் கொஞ்சம் வேகம் கூட்டி, கடினமான நாளில் களைத்துப்போய்க் கொஞ்சம் வேகம் குறைத்து, கடைசியில் எல்லா நாளும் ஒரே மாதிரி ஆகிவிடும்.

அந்தக் கடினமான இருபது விழுக்காட்டிலும் கடிவாளம் உண்டு. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நார்வே வீரர்களின் பயிற்சியைப் பார்க்க வேண்டும். ஒரு வீரர் டிரெட்மில்லில் ஆறேழு நிமிடம் ஒரே வேகத்தில் ஓடுகிறார். மணி அடித்ததும் இரு பக்கமும் கால் அகற்றி நிற்கிறார். பயிற்சியாளர் வியர்வையைத் துடைத்துவிட்டு, காது மடலில் சின்னதாக ஒரு குத்துக் குத்தி, ஒரு பொட்டு ரத்தத்தைக் காகிதப் பட்டையில் தொட்டெடுக்கிறார். கைக்குள் அடங்குகிற கருவி, சில விநாடிகளில் ஓர் எண்ணைக் காட்டுகிறது. எண் கூடியிருந்தால் அடுத்த சுற்றில் வேகத்தைக் குறைக்கச் சொல்வார். வீரர் 'நன்றாகத்தான் இருக்கிறேன், இன்னும் வேகமாக ஓட முடியும்' என்று சொன்னாலும் சரி, குறைத்தாக வேண்டும்.

அந்த எண் லாக்டேட்டின் அளவு. தசை மாவுச்சத்தை வேகமாக எரிக்கும்போது உருவாகிற பொருள் அது. அது விஷம் என்று முன்பெல்லாம் சொல்வார்கள், அது தவறு. இதயமும் மற்ற தசைகளும் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. தொட்டியில் குழாய் திறந்திருக்கிறது, அடியில் தண்ணீர் வெளியேறுகிற துளையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுவதும் போவதும் சமமாக இருக்கும்வரை மட்டம் ஏறாது. குழாயை இன்னும் கொஞ்சம் திருகினால் மட்டம் ஏறத் தொடங்கும், அப்புறம் வழிவதற்கு அதிக நேரம் ஆகாது. அந்தச் சமநிலை உடைகிற வேகத்துக்குச் சற்றுக் கீழே நின்று பயிற்சி செய்தால், மறுநாளும் அதே பயிற்சியைச் செய்யத் தெம்பு இருக்கும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறைகூடச் செய்யலாம். ஆறு மாதம் இப்படிப் போனால், எந்த வேகத்தில் தொட்டி நிரம்பியதோ அதே வேகத்தில் இப்போது மட்டம் அசையாமல் நிற்கும்.

மழைக்குப் பேர்போன பெர்கன் நகரத்துக்காரரான கிறிஸ்டியன் புளூமென்ஃபெல்ட் இப்படித்தான் வளர்ந்தார். ட்ரையத்லானுக்கு ஏற்ற ஒல்லி உடம்பு அவருக்கு இல்லை, கட்டுக்குட்டான ஆள். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெயிலுக்குப் பயந்து காலை ஆறரை மணிக்கே போட்டியைத் தொடங்கினார்கள். கடைசிக் கட்டம்வரை முன்னணிக் கூட்டத்தோடு ஓடிவந்தவர், முடிவு நெருங்கியபோதுதான் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் கொட்டினார். 1 மணி 45 நிமிடம் 4 விநாடியில் தங்கம். கோட்டைத் தாண்டியதும் தரையில் விழுந்து வாந்தி எடுத்தார். சக்கர நாற்காலியில்தான் கூட்டிப்போனார்கள். எல்லையைத் தாண்ட எப்போது அனுமதி உண்டு என்பதை அவ்வளவு துல்லியமாக அவர் அறிந்திருந்தார். அதே ஆண்டு நவம்பரில், மெக்சிகோவின் கோசுமெலில், தன் முதல் முழு அயர்ன்மேனை 7 மணி 21 நிமிடம் 12 விநாடியில் முடித்தார். அடுத்த மே மாதம் அமெரிக்காவின் யூட்டாவில் அயர்ன்மேன் உலகச் சாம்பியன். ஒன்றே முக்கால் மணி நேரப் போட்டியிலும் எட்டு மணி நேரப் போட்டியிலும் ஓராண்டுக்குள் ஒரே ஆள் உச்சிக்குப் போனது இந்த விளையாட்டில் எல்லோரையும் யோசிக்க வைத்தது. 2025 செப்டம்பரில் பிரான்சின் நீஸ் நகரில் நடந்த ஆண்கள் உலகப் போட்டியில் முதல் மூன்று இடமும் நார்வேக்கே போனது: காஸ்பர் ஸ்டூர்னஸ், குஸ்டாவ் ஈடன், புளூமென்ஃபெல்ட். மூவரும் கூடிப் பயிற்சி செய்து வளர்ந்தவர்கள். ஸ்டூர்னஸ் அன்று ஓடிய மாரத்தான் இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவு, அதுவும் மலைப்பாதையில் 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்த பிறகு.

நாள் என்று எடுத்துக்கொண்டால் அதில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. விடியலில் நீச்சல்குளம், ஐந்தாறு கிலோமீட்டர். சாப்பாடு. மூன்று நான்கு மணி நேரம் சைக்கிள். சாப்பாடு. மதியத் தூக்கம். மாலையில் ஓட்டம். மறுபடி சாப்பாடு. ஒன்பது மணிக்குப் படுக்கை. ஆண்டில் பல வாரங்கள் வீட்டை விட்டு, ஸ்பெயினின் சியரா நெவாடா போல இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிற மலை முகாம்களில் கழியும். காற்றில் பிராணவாயு குறைந்த இடத்தில் தங்கினால் ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடும் என்பதற்காக. உறவுக்காரர் கல்யாணம், நண்பர் வீட்டு விசேஷம் எதற்கும் போக முடியாது. தூக்கத்தையும் பயிற்சியின் ஒரு பகுதியாகவே எண்ணிப் பத்திரமாகக் காக்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்த விளையாட்டை அதிகம் மாற்றியது அதுதான். தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கிற மாவுச்சத்து, அதாவது கிளைக்கோஜன், ஏறக்குறைய 500 கிராம். அது 2000 கலோரி. முழு அயர்ன்மேனுக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். கொழுப்பு உடம்பில் நிறைய இருக்கிறது, ஆனால் அது மெதுவாக எரிகிற விறகு. வேகமாகப் போக வேண்டுமென்றால் சர்க்கரை வேண்டும். ஆக, ஓடிக்கொண்டே, மிதித்துக்கொண்டே சாப்பிட வேண்டும். குடலோ மணிக்கு 60 கிராம் குளுக்கோஸுக்கு மேல் உள்ளே விடாது, ஏனென்றால் அதை உள்ளே கொண்டுபோகிற வாசல் அவ்வளவு சிறியது. பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல் இருக்கிறது. இரண்டையும் சரியான அளவில் கலந்து குடித்தால் இரு வாசலும் ஒரே நேரத்தில் திறந்து, மணிக்கு 90 கிராம்வரை உள்ளே போகும் என்பதை அஸ்கர் ஜூகென்ட்ரப் போன்றவர்களின் ஆய்வு காட்டியது. இன்று முன்னணி வீரர்கள் 120 கிராம்வரை எடுத்துக்கொள்கிறார்கள்.

120 கிராம் சர்க்கரை என்றால் ஏறக்குறைய முப்பது தேக்கரண்டி. அதை ஒரு மணி நேரத்தில், முதுகு வளைத்துச் சைக்கிளில் குனிந்தபடி, வெயிலில், பாகு மாதிரி குடித்துப் பாருங்கள். வயிறு புரட்டும், உப்பும், வெளியே தள்ளும். அதனால் வயிற்றுக்கும் மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறார்கள். வாராவாரம் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். காலில் தெம்பு இருந்தும் வயிறு மறுத்ததால் தோற்றவர்கள் இந்த விளையாட்டில் ஏராளம்.

அடுத்தது வெப்பம். சென்னையில் மே மாதம் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், புழுக்கம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். வியர்வை கொட்டினால் மட்டும் உடம்பு குளிராது, வியர்வை ஆவியாக வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டிக் கீழே விழுமே தவிர வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகாது. அப்போது இதயத்துக்கு இரட்டை வேலை: தசைக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், தோலுக்கும் அனுப்ப வேண்டும். உள்வெப்பம் 40 டிகிரியை நெருங்கும்போது மூளை காலைக் கட்டிப்போட்டுவிடுகிறது. கோனாவில் கறுத்த எரிமலைப் பாறைகளுக்கு நடுவே போகிற நெடுஞ்சாலை, கடல் ஈரம், மதிய வெயில் மூன்றும் சேர்ந்துவிடும்.

2016 செப்டம்பரில் கோசுமெலில் நடந்த உலகத் தொடரின் கடைசிப் போட்டியில் பிரிட்டனின் ஜானி பிரவுன்லீ முதலிடத்தில் வந்துகொண்டிருந்தார். முடிவுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. திடீரென்று கால் கோணியது; திசை தெரியாமல் சாலையின் ஓரத்துக்கு ஒதுங்கினார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர், இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்றவர், தன் ஓட்டத்தை விட்டுவிட்டுத் தம்பியின் கையைத் தன் தோளில் போட்டுத் தாங்கி இழுத்து வந்து, கோட்டருகே தம்பியை முன்னால் தள்ளிவிட்டார். தென்னாப்பிரிக்காவின் ஹென்ரி ஸ்கூமன் வென்றார், தம்பி இரண்டாவது, அண்ணன் மூன்றாவது. அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும். ஆனால் அதில் இன்னொரு பாடமும் உண்டு. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே பயிற்சி செய்து, ஒரே வெயிலில் ஓடினார்கள். ஒருவர் எல்லையைத் தாண்டினார், ஒருவர் தாண்டவில்லை. இப்போது பெரிய போட்டிக்குச் சில வாரம் முன்பிருந்தே சூடேற்றிய அறையில் சைக்கிள் மிதிப்பதும், நீராவிக் குளியல் அறையில் உட்காருவதும் வழக்கமாகிவிட்டன. உடம்பு பழகி, ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடி, வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும். சிலர் மாத்திரை வடிவில் உணர்கருவியை விழுங்கி உள்வெப்பத்தைக் கணக்கிடுகிறார்கள்.

சைக்கிளிலும் இதே கதைதான். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது ஒலிம்பிக் போட்டியில் அனுமதி, அயர்ன்மேனில் தடை. தனியாகக் காற்றை எதிர்த்துத்தான் மிதிக்க வேண்டும். வேகம் கொஞ்சம் கூடினாலும் அதற்கு வேண்டிய சக்தி அதைவிட மிக அதிகமாகக் கூடும். 2024 கோனாவில் பிரான்சின் சாம் லெய்ட்லோ 180 கிலோமீட்டரை 3 மணி 57 நிமிடம் 22 விநாடியில் கடந்து சாதனை படைத்தார். சராசரி மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல். இறங்கி ஓடத் தொடங்கியதும் கால் ஒத்துழைக்கவில்லை, ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். லாங்கே பொறுமையாக மிதித்துவிட்டு, 2 மணி 37 நிமிடத்தில் மாரத்தானை ஓடி மூன்றாம் முறையாகப் பட்டம் வென்றார். லெய்ட்லோ செய்தது முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். 2023-இல் நீஸில் அவர் அப்படித்தான் துணிந்து மிதித்து உலகச் சாம்பியன் ஆனார்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் உடம்பை எப்படிச் செலவழிப்பது என்பதை அதுவும் முடிவு செய்கிறது. கோனாவில் வென்றால் 1,25,000 டாலர், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. முதல் 15 பேருக்குத்தான் பரிசு. 2024-இல் தொடங்கிய டி100 தொடரில் ஒரு போட்டியை வென்றால் 25,000 டாலர். தூரம் 2 கிலோமீட்டர் நீச்சல், 80 சைக்கிள், 18 ஓட்டம். இவை உச்சியில் இருக்கிற சிலருக்குப் போகிற பணம். மற்றவர்களுக்கு ஸ்பான்சர் தருவதும் பிறருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்துக் கிடைப்பதும்தான் பிழைப்பு. விமானச் சீட்டும் விடுதி வாடகையும் சைக்கிளை ஏற்றிப்போகிற கட்டணமும் கையிலிருந்து போகும். அதனால் உடம்பு கெஞ்சும்போதும் இன்னொரு போட்டியில் இறங்கத் தோன்றும். சரியாகச் சாப்பிடாமல் அளவுக்கு மீறி உழைத்தால் எலும்பில் விரிசல் விழுகிறது, பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகிறது. இதற்கு 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தனிப் பெயரே வைத்து எச்சரித்தது.

கையில் இல்லாத ஆபத்தும் உண்டு. பயிற்சி பெரும்பாலும் வண்டிகள் ஓடுகிற சாலையில்தான். 2017 மே மாதம் பிரேசிலில் 7 மணி 40 நிமிடம் 23 விநாடியில் அயர்ன்மேன் முடித்துச் சாதனை செய்த பிரிட்டனின் டிம் டானை, அக்டோபரில் கோனா போட்டிக்கு மூன்று நாள் முன்பு ஒரு வண்டி மோதியது. கழுத்தின் இரண்டாவது எலும்பு முறிந்தது. மண்டை ஓட்டில் திருகாணி முடுக்கி, தலையைச் சுற்றி வளையம் மாட்டி, மூன்று மாதம் கழித்தார். ஆறு மாதத்தில், 2018 ஏப்ரலின் குளிர்மழையில், பாஸ்டன் மாரத்தானை 2 மணி 49 நிமிடம் 42 விநாடியில் ஓடி முடித்தார். 2025 மே மாதம் ஜப்பானில் பயிற்சியின்போது லாரி மோதி, தோள்பட்டை எலும்பும் விலா எலும்புகளும் உடைந்த நியூசிலாந்தின் ஹேடன் வைல்ட், ஆகஸ்டில் லண்டன் டி100 போட்டிக்குத் திரும்பி வந்து அதை வென்றார்.

கடைசியாக, நான் மிகவும் மதிக்கிற ஒருவரைப் பற்றி. கிரிஸ்ஸி வெலிங்டன் பிரிட்டிஷ் அரசின் சுற்றுச்சூழல் துறையில் வேலை பார்த்தவர். நேபாளத்தில் குடிநீர், சுகாதாரப் பணிகள் செய்தவர். முப்பது வயதில் தொழில்முறைக்கு வந்து, அதே 2007-இல் கோனாவை வென்றார். அப்போது அவர் பெயரே பலருக்குத் தெரியாது. 2008-இலும் 2009-இலும் வென்றார். 2010-இல் நான்காவது பட்டத்துக்கு எல்லோரும் காத்திருந்தபோது, போட்டி நாள் காலையில், உடம்பு சரியில்லை என்று சொல்லி விலகிக்கொண்டார். கடற்கரையில் ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள், ஓராண்டு உழைப்பு பின்னால் இருக்கிறது. அன்று நீரில் இறங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இறங்கவில்லை.

அடுத்த ஆண்டு கோனாவுக்கு இரண்டு வாரம் முன்பு பயிற்சியில் சைக்கிளிலிருந்து விழுந்து, காலிலும் இடுப்பிலும் தோல் உரிந்து புண் ஆனது. இந்த முறை இறங்கினார். உப்புத் தண்ணீர் புண்ணில் பட, நீச்சலில் பின்தங்கி வெளியே வந்தார். சைக்கிளிலும் முன்னணியில் இல்லை. மாரத்தானில் ஒவ்வொருவராகப் பிடித்து, 2 மணி 52 நிமிடம் 41 விநாடியில் ஓடி முடித்து, நான்காம் முறையாக வென்றார். அயர்ன்மேன் தூரத்தில் அவர் முடித்தது 13 போட்டி, வென்றதும் 13. அதற்குப் பிறகு அவர் அந்தத் தூரத்தில் தொழில்முறை வீராங்கனையாக இறங்கவே இல்லை.